உள்ளே வருவது தண்ணீர், வெளியே போவது மற்றதெல்லாம்

2012 மார்ச் மாதத்தில் கொத்தவரை விதையின் முன்பேர வணிகத்தை, அதாவது பின்னால் கைமாறப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசிவைக்கும் வணிகத்தை, முன்பேரச் சந்தை ஆணையம் நிறுத்திவைத்தது. தங்கமும் அல்ல, வெள்ளியும் அல்ல. பருப்பு அரைத்துப்போட்டு நாம் உசிலி செய்கிற அதே கொத்தவரை. விலை ஏறிய வேகத்தைக் கண்டு ஆணையமே மிரண்டுபோயிருந்தது. காய்க்கும் அந்த விலைக்கும் சம்பந்தமில்லை. சந்தையைப் பித்துப்பிடிக்க வைத்தது முற்றிக் காய்ந்த விதை.

காரணம் அமெரிக்காவில் இருந்தது. பூமிக்கடியில் ஷேல் பாறையை உடைத்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் கிணறுகளில், மணல் கலந்த தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் இறக்குவார்கள். வெறும் தண்ணீர் மணலைச் சுமக்காது. மணல் அடியில் தங்கிவிடும். அதைக் கொழகொழப்பாக்கினால்தான் மணல் பாறைவெடிப்புக்குள் போய் உட்காரும். அந்தக் கொழகொழப்பைத் தருவது கொத்தவரை விதையின் உட்பருப்பிலிருந்து அரைக்கும் பிசின் மாவு. உலகக் கொத்தவரை விளைச்சலில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்தியாவுடையது, அதில் பெரும்பங்கு ராஜஸ்தானுடையது. முதல் மழையில் விதைத்தால் போதும், பிறகு வானம் பொய்த்தாலும் ஓரளவு தாங்கும் பயிர். மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். டெக்ஸாஸ் கிணறுகளுக்கு வேண்டியது பீகானேர் மணலில் விளைந்துகொண்டிருந்தது. 2014 முடிவில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது, கிணறு தோண்டுவது குறைந்தது, கொத்தவரையும் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

இந்தக் கதையைப் பேராசையின் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பாலைவனத்துக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியாவது அங்கேயே தங்கியது. நிலம் விவசாயியுடையது, விதை அவருடையது, அரைக்கிற ஆலைகளில் பலவும் ஜோத்பூரிலேயே இருந்தன. பாலைவனத்தில் சம்பாதிக்க வழியே இல்லை என்பது பழங்கதை. வழிகள் ஏராளம். சம்பாத்தியம் அங்கே தங்குகிறதா என்பதுதான் என் கேள்வி. டெல்லியில் என் பிழைப்பே பிறர் தயாரித்த திட்ட அறிக்கைகளைப் படித்து, கடன் கொடுக்கப்போகிறவர்களுக்குக் குறிப்பு எழுதுவது. வாய்ப்புகளைப் பற்றி அந்த அறிக்கைகளில் பக்கம் பக்கமாக இருக்கும். தங்குவதைப் பற்றி ஒரு பத்தி இருந்தால் அதிகம்.

ஆர்.கே.புரத்தில் ஒரு மாமா இருக்கிறார். மத்தியச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஜோத்பூர் போய்வருவதாகச் சொன்னால் தவறாமல் கேட்பார்: "ஏனப்பா, அங்கே மணலைத் தவிர என்னதான் இருக்கிறது?"

"மாமா, நேற்று ரசத்துக்குத் தாளித்த சீரகம் அங்கிருந்துதான் வந்திருக்கும்" என்றேன் ஒரு முறை.

"சீரகம் மளிகைக்கடையில் இருக்கிறது" என்றார். மறுக்க முடியவில்லை.

இந்தியச் சீரகம் ஏறக்குறைய முழுவதும் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது. பார்மேர், ஜாலோர், ஜெய்சல்மேர் பக்கத்து வறண்ட குளிர்காலம் அதற்கு வாகானது. ஈரக்காற்றும் எதிர்பாராத மழையும்தான் அதற்கு எமன். நமக்குக் குறையாகத் தோன்றும் வறட்சி சீரகத்துக்கு முதலீடு. மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கும் இசப்கோலுக்கும் அப்படியே. தார் பாலைவனத்தில் சதுர கிலோமீட்டருக்கு 80 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். உலகப் பாலைவனங்களில் மிகுந்த மக்கள் நெருக்கம் அங்குதான் என்பார்கள். அவ்வளவு பேர் மணலைத் தின்று வாழவில்லை. கம்பு, நரிப்பயறு, கொத்தவரை, ஆடு, மாடு, ஒட்டகம் என்று வெயிலோடு ஒத்துப்போகிற வரிசை ஒன்றை வகுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பார்மேர்ச் சீரகத்தில் பெரும்பகுதி மூட்டை கட்டிக்கொண்டு போவது குஜராத்தின் ஊஞ்சா சந்தைக்கு. விலை அங்கே பேசப்படுகிறது, தரம் பிரிப்பதும் ஏற்றுமதியும் அந்தப் பக்கம். நரிப்பயறு மாவில் பிழியும் பீகானேர் புஜியாவுக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் அந்த ஊரின் கார வகைகளைப் பெரும் பணமாக மாற்றியது பீகானேரிலிருந்து கிளம்பி டெல்லிக்கும் நாக்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து கடை போட்ட குடும்பங்கள். சாந்தினி சவுக்கில் நின்று புஜியா வாங்குகிற எந்தத் தமிழனுக்கும் நரிப்பயறு ஞாபகத்துக்கு வருவதில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லைதான்.

பத்லா சூரிய மின் பூங்காவுக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று. பழைய டெல்லி நிலையத்தில் இரவு மண்டோர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஜோத்பூர். அங்கிருந்து பலோதி வழியாகச் சாலை வடமேற்கே போகிறது. பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. இந்தியாவில் அதற்கு முன் அப்படி ஒரு வெப்பம் பதிவானதில்லை. அதையும் தாண்டிப் போனால், சாலையின் ஒரு பக்கம் முழுவதும் கருநீலமாகிவிடுகிறது. 14,000 ஏக்கர், 2,245 மெகாவாட். நம் கமுதியில் 648 மெகாவாட் நிலையத்தைப் பார்த்து வாய் பிளந்தவன் நான். பத்லாவில் வாய் பிளக்கவும் தோன்றவில்லை. பார்வைக்கு எட்டும்வரை ஒரே பொருள் இருந்தால் கண் சீக்கிரம் சலித்துவிடுகிறது.

இங்கே ஒரு முரண் உண்டு. சூரியத் தகட்டுக்கு வெளிச்சம் வேண்டும், வெப்பம் வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் தகடு சூடேற ஏற, ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மே மாத மதியத்தில் தகட்டின் சூடு காற்றின் சூட்டைவிடப் பல டிகிரி கூடுதல். போதாக்குறைக்குப் புழுதி. ஆந்தி என்று அங்கே சொல்லும் புழுதிப்புயல் ஒன்று அடித்தால் தகடுகள் மேல் மண் படிந்துவிடுகிறது. கழுவுவதற்குத் தண்ணீர் எங்கே? அதனால் வரிசையின் தலைப்பில் ஏறி இறங்கித் தூசி துடைக்கும் தானியங்கிக் கருவிகள் வந்தன. தண்ணீர் மிச்சம், நல்லது. முன்பு வாளியும் துடைப்பமுமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த உள்ளூர் ஆட்களுக்குக் கூலியும் மிச்சமானது, அதாவது இல்லாமல் போனது. கட்டுமானம் நடக்கும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். முடிந்த பிறகு ஒரு சூரியப் பூங்காவில் மிஞ்சுகிற வேலை காவல், புல் வெட்டுதல், துடைத்தல், ஒரு சில தொழில்நுட்பப் பணிகள். திட்ட அறிக்கைகளில் வேலைவாய்ப்பு என்ற தலைப்பின் கீழ் வரும் பெரிய எண் பெரும்பாலும் கட்டுமானக் காலத்துடையது. படிப்பவர்கள் அதை நிரந்தரம் என்று எண்ணிக்கொள்வார்கள். திருத்துவதில் யாருக்கும் அவசரமில்லை.

2017 மே மாதம் பத்லாவில் நடந்த ஏலத்தில் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு மின்சாரம் தருவதாக ஒரு நிறுவனம் எடுத்தது. அதுவரை இந்தியாவில் கேள்விப்படாத விலை. அன்றைக்கு டெல்லி அலுவலகங்களில் நிலவிய பரபரப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிலக்கரியைவிட மலிவு என்று ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டார்கள். அந்த மலிவுக்குக் காரணங்கள் பல: தகட்டு விலை சரிந்தது, கடன் வட்டி குறைந்தது, அரசே பூங்கா அமைத்துக் கொடுத்தது. ஆனால் அடியில் இருந்த காரணத்தை யாரும் உரக்கச் சொல்லவில்லை. நிலத்துக்கு விலை ஏறக்குறைய இல்லை. ஆவணத்தில் அது தரிசு.

டெல்லிக்கு இந்த மின்சாரம் எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு நாளைச் சொன்னால் போதும். 2024 ஜூன் 19 அன்று பிற்பகலில் இந்நகரத்தின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. எங்கள் குடியிருப்பில் ஒரு வீடு விடாமல் ஏசி ஓடியது. அது பகல் உச்சம், சூரியனால் சமாளிக்கலாம். இப்போது இரவு பதினொரு மணிக்கும் ஓர் உச்சம் வருகிறது, அப்போது பத்லா தூங்கிக்கொண்டிருக்கும். அதே வேளையில் ராஜஸ்தானில் நேர்மாறான தொல்லை: நிலையங்கள் வேகமாக வந்துவிட்டன, உயர் அழுத்தக் கம்பிவழிகள் அந்த வேகத்தில் வரவில்லை. 2025இல் நண்பகல் வேளைகளில் உற்பத்தியை வேண்டுமென்றே குறைக்கச் சொன்னார்கள். வெயில் இருக்கிறது, தகடு இருக்கிறது, வாங்குகிறவர் இருக்கிறார், வழி இல்லை. மின்கலன் சேமிப்பை இப்போது ஏலங்களிலேயே சேர்த்துக் கேட்பது இதனால்தான்.

அந்தத் தரிசு என்ற சொல்லுக்கு நம் ஊரில் வேறொரு கணக்கு உண்டு, மேய்க்கால் புறம்போக்கு. ராமநாதபுரத்தில் பட்டா இல்லாத பொட்டல் வெளியைப் பார்த்து 'சும்மா கிடக்கிறது' என்று வெளியூர்க்காரன்தான் சொல்வான். ஆடு மேய்க்கிறவர் சொல்லமாட்டார். தார்ப் பாலைவனத்தில் அது இரண்டு பெயரில் இருக்கிறது. மேய்ச்சலுக்கென ஒதுக்கிய பொதுநிலம் ஒன்று. கோயிலுக்கோ நாட்டுத் தெய்வத்துக்கோ நேர்ந்துவிட்ட ஓரண் மற்றொன்று. ஓரணில் மரத்தை வெட்டக் கூடாது, உழக் கூடாது, மேய்க்கலாம். சில ஓரண்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்புள்ளவை. பலவும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஓரண் என்று ஏறவே இல்லை. அரசுத் தரிசு என்றே கிடக்கின்றன. ஆகவே குத்தகைக்குக் கொடுக்கும்போது யாரையும் வெளியேற்றியதாகக் கணக்கே வராது. ஜெய்சல்மேரின் தேக்ராய் ஓரண் பகுதி மக்கள் தங்கள் நிலத்தைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி நடையாய் நடந்திருக்கிறார்கள்.

பத்லா அருகே கம்பிவேலியை ஒட்டி ஆடுகளை ஓட்டிவந்த பெரியவர் ஒருவரிடம் பேசினேன். என் இந்தி அவருக்குப் பாதி புரிந்தது, அவருடைய மார்வாரி எனக்குக் கால் பங்கு. வண்டி ஓட்டுநர் இடையில் நின்று மொழிபெயர்த்தார். முன்பு இந்தப் பக்கமாகக் குறுக்கே போய்விடலாம், இப்போது வேலியைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கிறது, தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம் இருக்கிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "மின்சாரம் நல்லதுதான் சாஹிப், என் மகன் வீட்டிலும் விசிறி ஓடுகிறது" என்று தானே சேர்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, வேலிக்குள் முளைக்கிற புல்லை வெட்டி எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் படித்த எந்த அறிக்கையிலும் புல் இல்லை.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னிதான் அங்கே கேஜ்ரி. அதன் நெற்றுகளை சாங்க்ரி என்று காயவைத்துச் சமைப்பார்கள், இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம், நிழலில் கம்பு நன்றாக விளையும். 1983இல் அது ராஜஸ்தானின் மாநில மரமானது. 1730இல் ஜோத்பூர் மன்னரின் ஆட்கள் கேஜர்லி கிராமத்தில் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டி வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவியும் அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் மக்களுமாக 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் விட்டார்கள். அதே மக்களின் வழிவந்தவர்கள் அண்மை ஆண்டுகளில் பீகானேர்ப் பக்கம் போராடிக்கொண்டிருப்பது, சூரியத் தகடுகளுக்கு நிழல் விழுகிறது என்று இந்த மரங்களை வெட்டுவதற்கு எதிராக. பசுமை மின்சாரத்துக்காக மரம் வெட்டுவதா என்ற கிண்டல் எளிது. ஆனால் தனியார் நிலத்தில் குத்தகைப் பணம் வாங்கிக்கொண்டு வெட்டச் சம்மதிப்பவரும் அதே ஊர்க்காரர்தான். மழை பொய்த்த மூன்றாவது வருஷம் வரும் ரொக்கத்தை யார் வேண்டாம் என்பார்?

கானமயில் விஷயம் பலருக்கும் தெரிந்திருக்கும். 15 கிலோ வரை எடையுள்ள பறவை. முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்காத கண்கள். மின்கம்பியில் மோதிச் சாகிறது. மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு, பெரும்பாலும் ஜெய்சல்மேரில். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்க உத்தரவிட்டது. உயர் அழுத்தக் கம்பிகளை அவ்வளவு தூரம் பதிப்பது நடவாத காரியம் என்று அரசு வாதிட, 2024 மார்ச்சில் நீதிமன்றமே அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிற வழக்கு. ஆனால் கம்பிகள் எந்த வழியாகப் போகலாம் என்பதைப் பூங்காக்களுக்கு இடம் ஒதுக்கும் முன்பே வரைந்திருக்கலாம். வரைபடம் மட்டும் போதுமானதாக இருந்த காலம் ஒன்று இருந்தது.

தண்ணீருக்கு வருகிறேன். பாலைவனத்திலிருந்து மின்சாரம், எண்ணெய், சீரகம், உப்பு, மனிதர்கள் எல்லாம் வெளியே போகும்போது உள்ளே வருவது இது ஒன்றுதான். 1958இல் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய்க்குப் பின்னாளில் இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். பஞ்சாபின் ஹரிகேயில், சட்லெஜும் பியாஸும் கூடும் இடத்தில் புறப்பட்டு, ஊட்டுக்கால்வாயும் பிரதானக் கால்வாயுமாக 649 கிலோமீட்டர் ஓடி ஜெய்சல்மேர்வரை போகிறது. கோதுமை, பருத்தி, கடுகு, நிலக்கடலை என்று மணல்மேடுகளின் முகமே மாறியது. குடிதண்ணீருக்காகப் பெண்கள் நடந்த நடை குறைந்தது. இதை மட்டும் வைத்தே அந்தக் கால்வாயை நான் மன்னித்துவிடுவேன்.

மன்னிக்க வேண்டியதும் இருக்கிறது. மணலுக்கடியில் பல இடங்களில் ஜிப்சம் கலந்த கெட்டியான படுகை. பாய்ச்சிய நீர் அதைத் தாண்டி இறங்காமல் மேலே ஏறி, உப்பையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஹனுமான்கட் பக்கம் இதை சேம் என்கிறார்கள். நல்ல விளைநிலங்கள் நாணல் முளைத்த சதுப்பாகிப்போயின. இன்னொரு வேடிக்கை: கால்வாய் நீர் வந்த பிறகு ஜோத்பூர்க்காரர்கள் பழைய கிணறுகளையும் படிக்கிணறுகளையும் மறந்தார்கள், நிலத்தடி நீர் ஏறி, பழைய நகரத்தின் நிலவறைக் கடைகளில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. பாலைவன நகரத்தில் மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியே இறைக்கிறார்கள்!

சவூதி அரேபியா இதைவிடப் பெரிய பாடம் படித்தது. 1980களில் மானியத்தை வாரி இறைத்து, பழங்காலத்தில் சேர்ந்து இனி ஊறாத நிலத்தடி நீரை உறிஞ்சிக் கோதுமை விளைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் உலகின் பெரிய கோதுமை ஏற்றுமதியாளர்களில் ஒன்றாகவே ஆனார்கள். 2008இல் படிப்படியாக நிறுத்துவதென்று முடிவெடுத்து, 2016இல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைக் கைவிட்டார்கள். தண்ணீரைத்தான் கோதுமை உருவில் கப்பலேற்றியிருக்கிறோம் என்பது தாமதமாகப் புரிந்தது. ஜெய்சல்மேரில் பாலிவால் சமூகத்தார் நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துவைத்த கடீன் இதற்கு எதிர்ப்பக்கம். பாறைச்சரிவிலிருந்து வழியும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் மண்கரை போட்டு நிறுத்துவார்கள். நீர் மண்ணுக்குள் இறங்கிய பிறகு அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும். பாசனம் கிடையாது. அளவு சிறியது, பணம் சிறியது, ஆனால் இன்னும் விளைகிறது.

எண்ணெய்க் கதை சுருக்கமானது. பார்மேரில் மங்களா எண்ணெய் வயல் 2004இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2009 ஆகஸ்ட் 29 அன்று உற்பத்தி தொடங்கியது. அந்த எண்ணெயில் மெழுகு அதிகம், குளிர்ந்தால் உறைந்துவிடும். அதனால் வழிநெடுகச் சூடேற்றிக்கொண்டே குஜராத் கடற்கரைவரை அனுப்புகிற குழாய் ஒன்றைப் போட்டார்கள். 50 டிகிரி வெயிலடிக்கும் ஊரிலிருந்து குழாயைச் சூடாக்கி எண்ணெய் அனுப்புகிறார்கள் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் குழாய் மண்ணுக்கடியில் போகிறது, குளிர்கால இரவும் இருக்கிறது. சுத்திகரிப்பை அங்கேயே செய்ய பச்பத்ராவில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் ஆலை என்று 2013இல் அடிக்கல், 2018இல் மீண்டும் பணித்தொடக்க விழா. 43,129 கோடி என்ற மதிப்பீடு 72,937 கோடியானது. தாமதத்தைத் திட்டலாம். எனினும் பொருள் அங்கேயே மாற்றம் பெற வேண்டும் என்ற எண்ணம் சரியானது. அதைச் சுற்றி ரசாயனத் தொழில்கள் வரும். பச்பத்ராவில் அதற்கு முன்பு இருந்த தொழில் உப்பு. கார்வால் சமூகத்தார் குழி தோண்டி, ஊறும் உவர்நீரில் முள்கிளைகளைப் போட்டு உப்பைப் படியவைப்பார்கள்.

தமிழர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பீகானேர் அருகே பர்சிங்சரில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் 250 மெகாவாட் அனல்மின் நிலையமும் நடத்துவது நம் நெய்வேலி நிறுவனம். அங்கே வேலை பார்க்கும் கடலூர் மாவட்டத்துப் பொறியாளர் ஒருவரை ரயிலில் சந்தித்தேன். "நெய்வேலியில் நிலக்கரி எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஊற்றுத் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டும் சார். ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே வந்த பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை" என்றார். குளிர்காலத்தில் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைக்காவிட்டால் ஒரே இரவில் கருகிவிடும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

சுற்றுலாவைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. அக்டோபர் முதல் மார்ச்வரை ஜெய்சல்மேர் அருகே சம் என்ற ஊரின் மணல்மேடுகளில் கூடாரம், ஒட்டகச் சவாரி, ஒலிபெருக்கி. பணம் புழங்குகிறது, உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது, மங்கணியார் பாடகர்களுக்கு மேடை கிடைக்கிறது; எல்லாம் நல்லதே. ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள் குழாய்த் தண்ணீரும் விடுதிகளும் பெருகி, கழிவுநீர் அடியில் இறங்கி, 12ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் அடித்தளத்தை இளக்கியது. அங்கேயும் தண்ணீர்தான்.

சரி, தங்கவைப்பது எப்படி? ஜோத்பூரில் இருக்கும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் 105 கிலோவாட் சூரியத் தகடுகளை இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவே பாசிப்பயறு, நரிப்பயறு, சீரகம், இசப்கோல் என்று பயிரிட்டுப் பார்த்திருக்கிறது. தகட்டின் மேல் விழும் மழைநீரைக் கால்வழி பிடித்துத் தொட்டியில் சேர்த்து, அதிலேயே தகட்டையும் கழுவுகிறார்கள். அற்புதமான ஏற்பாடு. இதைக் கடன் கொடுப்பவர்களிடம் சொன்னால் முகம் சுருங்கும். தகடுகளை உயர்த்தினால் இரும்புச் செலவு கூடும், மாடு உரசினால் காப்பீடு யார் தருவது, உழுகிறவர் கேபிளை வெட்டினால் யார் பொறுப்பு? நியாயமான கேள்விகள்தான். ஆனால் வேலிக்குள் ஆடு விடுவதற்குக்கூட இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். ஆடு கேபிளை உழாது.

விவசாயிகளுக்கென மத்திய அரசு 2019இல் கொண்டுவந்த குசும் என்ற சூரிய மின் திட்டத்தின் ஒரு பிரிவில், துணைமின் நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் நிலம் வைத்திருக்கும் விவசாயி தானே 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட்வரை நிலையம் அமைத்து மின்சாரத்தை விற்கலாம். எழுத்தில் நன்றாக இருக்கிறது. மெகாவாட்டுக்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். வங்கி அடமானம் கேட்கும். அடமானம் வைக்க அந்த விவசாயியிடம் இருப்பது, வங்கியின் பார்வையில், தரிசு.

எனக்குச் சாத்தியமாகப் படுவது வேறு. இமயமலை மாநிலங்களில் மத்திய நிறுவனங்கள் கட்டும் நீர்மின் நிலையங்களில் 12 சதவீத மின்சாரம் அந்த மாநிலத்துக்கு இலவசம். 2008 நீர்மின் கொள்கை மேலும் 1 சதவீதத்தைத் திட்டம் அமைந்த வட்டாரத்தின் மேம்பாட்டுக்கு ஒதுக்கச் சொன்னது. எண்ணெய்க்கு மாநிலத்துக்கு உரிமைத்தொகை உண்டு. வெயிலுக்கு அப்படி ஒன்று இல்லை. ராஜஸ்தான் தன் 2019 கொள்கையில், வெளி மாநிலத்துக்கு விற்கும் திட்டங்கள் மெகாவாட் கணக்கில் ஒரு நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று வைத்தது. அது மாநிலக் கருவூலத்தின் பக்கம் போகிற பணம்; வேலியைச் சுற்றி நடக்கிறவருக்கு வருவதல்ல.

நீர்மின் கொள்கையின் அந்த 1 சதவீதத்தை மட்டும் பத்லாவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மெகாவாட் ஆண்டுக்கு 20 லட்சம் யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வோம், கஞ்சத்தனமான கணக்குதான். 2,245 மெகாவாட்டுக்கு 449 கோடி யூனிட். அதில் நூற்றில் ஒரு பங்கை 2 ரூபாய் 44 காசுக்கு விற்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 கோடி ரூபாய், அதுவும் சுற்றியுள்ள சில ஊராட்சிகளுக்கு. தண்ணீர்த் தொட்டி, கால்நடை மருத்துவர், ஓரணுக்கு வேலி, பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் என்று எதற்கு வேண்டுமானாலும் அவர்களே செலவிட்டுக்கொள்ளலாம். வாங்குபவரின் தலையில் இதை ஏற்றினால் யூனிட்டுக்குச் சுமார் இரண்டரைக் காசு. மாதம் 200 யூனிட் ஓடும் டெல்லி வீட்டுக்கு ஐந்து ரூபாய். அந்த 200 யூனிட் வரை இங்கே கட்டணமே கிடையாது என்பது வேறு கதை.

கடந்த சில வருடங்களாக என் குறிப்புகளின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கணக்கை ஒரு பத்தியாகச் சேர்த்து அனுப்புகிறேன். பெரும்பாலும் மேலே போவதற்குள் அந்தப் பத்தியை எடுத்துவிடுகிறார்கள். ஒரு தடவை மட்டும் ஓரத்தில் பென்சிலால் எழுதித் திரும்பி வந்தது: "நிலம் தரிசு என்று முதல் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்களே, பிறகு யாருக்குக் கொடுப்பது?" அதிலிருந்து முதல் பக்கத்தையும் மாற்றி எழுதுகிறேன்.